சாகாதவர்களிடம் ஒழுக்கத்தை எதிர்பார்க்கலாமா?

வாசகர் கேள்வி, ஜனவரி 6, மாலை 6.20

உலகப் புராணங்களைப் படிக்கப் படிக்கக் கடவுள்களைக் காட்டிலும் மனிதர்களே மேலானவர்களாகத் தெரிகிறார்கள். கிரேக்கரின் தலைமைக் கடவுள் ஜியூஸ் கண்ட பெண்ணையெல்லாம் ஏமாற்றுகிறார், அவர் மனைவி ஹீரா பழிவாங்குகிறார், ஸ்காண்டிநேவியரின் ஓடின் வஞ்சிக்கிறார், இந்திரனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் செய்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுப்போம். இவர்களை மக்கள் எப்படிக் கைகூப்பி வணங்கினார்கள்?

ஜனவரி 6, இரவு 10.45

இந்தப் புகார் கிரேக்கர்களுக்கே இருந்தது. மனிதரிடையே இழிவாகக் கருதப்படும் திருட்டு, பிறன்மனை நயத்தல், வஞ்சகம் ஆகிய அனைத்தையும் கவிஞர்கள் ஹோமரும் ஹெஸியடும் கடவுள்கள் தலையில் ஏற்றிவிட்டார்கள் என்று ஸெனோஃபனீஸ் என்ற தத்துவஞானி ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன்பே குறைபட்டார். குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் கைகள் இருந்திருந்தால் அவையும் தத்தம் உருவத்திலேயே கடவுளை வரைந்திருக்கும் என்று சொன்னவரும் அவர்தான்.

என் பதில் வேறு. கிரேக்கக் கடவுள்கள் தீயவர்கள் அல்லர். எதைச் செய்தாலும் அவர்களுக்கு எந்த இழப்பும் இல்லை, அவ்வளவுதான். டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் காவியமான இலியட்டின் 5ஆம் காண்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதீனா என்ற பெண் தெய்வம் துணை நிற்க, டயோமெடீஸ் என்ற மனிதன் போர்க்கடவுளான அரேஸின் அடிவயிற்றில் ஈட்டியைப் பாய்ச்சுகிறான். ஒன்பதாயிரம் பத்தாயிரம் பேர் ஒன்றாகக் கத்தியதுபோல் அலறிக்கொண்டு வானுலகுக்கு ஓடும் அரேஸ், வழியும் இரத்தத்தைத் தந்தை ஜியூஸிடம் காட்டி முறையிடுகிறான். கடவுள்களிலேயே எனக்கு மிகவும் வெறுப்பானவன் நீதான் என்று ஜியூஸ் திட்டிவிட்டு, வைத்தியரை அழைத்து மருந்திடச் சொல்கிறார். அத்திப்பால் பட்ட பால் எப்படிச் சட்டென்று உறையுமோ அப்படிக் காயம் கூடிவிடுகிறது. அரேஸ் குளிப்பாட்டப்பட்டு, புத்தாடை உடுத்தி, தந்தையின் பக்கத்திலேயே பெருமிதத்தோடு போய் உட்கார்ந்துகொள்கிறான்.

இதே காண்டத்தில், இதே டயோமெடீஸ், ஃபீனாப்ஸ் என்ற முதியவரின் இரண்டு மகன்களையும் அடுத்தடுத்துக் கொல்கிறான். அந்தத் தந்தைக்கு வேறு பிள்ளை இல்லை. தள்ளாத வயதில் அவருக்கு அழுகைதான் மிஞ்சியது. சொத்தைப் பங்காளிகள் பிரித்துக்கொண்டார்கள் என்று ஏழு வரிகளுக்குள் ஹோமர் சொல்லி முடித்துவிடுகிறார். ஈட்டி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஓரிடத்தில் குளியலும் புத்தாடையும், மற்றோரிடத்தில் பங்காளிகள்.

ஜனவரி 7, காலை 7.10

அரேஸ் அலறும் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் அண்ணன் நினைவுதான் வரும். ஊரில் எவரையும் அடிக்கக் கூடிய ஆள். ஊசி என்றால் மட்டும் மருத்துவமனை வாசலிலேயே தொடங்கிவிடுவார். அவரும் அப்பாவிடம்தான் ஓடுவார்.

ஜனவரி 9, இரவு 9.30

கேள்வியின் பின்பாதிக்கு நான் பதில் சொல்லவில்லை. வணங்கியது எப்படி? ஒழுக்கத்துக்காக வணங்கினார்கள் என்று நாமாக எண்ணிக்கொள்வதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. இலியட்டின் முதல் காண்டத்தில் கொள்ளைநோயை அனுப்புபவன் அப்பல்லோ. முதலில் கோவேறு கழுதைகளும் நாய்களும் சாகின்றன, பிறகு மனிதர்கள்; ஒன்பது நாள்கள் அவன் அம்புகள் பாய்கின்றன. நோயை நிறுத்த வேண்டுமானாலும் அவனிடம்தான் போக வேண்டும்; போகிறார்கள், பலியிட்டு நாளெல்லாம் பாடுகிறார்கள், அவனும் கேட்டு மகிழ்கிறான். அம்மை போட்டிருக்கும் வீட்டின் வாசலில் வேப்பிலை செருகிய எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. முத்தைப் போட்டவளும் மாரியாத்தாள், இறக்குபவளும் அவளே. அவளிடம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டவர் எங்கள் தெருவில் யாரும் இருந்ததில்லை.

மற்றொன்று. சாகாதவர்களையும் சாகிறவர்களையும் எதிரெதிரே நிறுத்தி, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்கும் கதைகளைத்தான் நான் அதிகம் விரும்புகிறேன். தமயந்தியின் சுயம்வரத்தில் நான்கு தேவர்கள் நளனின் உருவெடுத்து அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்து நளன்களில் உண்மையானவனை அவள் எதை வைத்துக் கண்டுபிடித்தாள்? அவனுக்குக் கண் இமைத்தது, கால் தரையில் பட்டது, கழுத்து மாலை வாடியிருந்தது. மகாபாரதம் இன்னும் போய், அவன் மேல் வியர்வையும் தூசியும் இருந்தன, நிழல் விழுந்தது என்கிறது. குறைகள் எனத்தக்க அத்தனையும் அடையாளங்களாகிவிட்டன. அழகிலோ ஆற்றலிலோ தேவர்கள் தோற்கவில்லை. அவர்களுக்கு வியர்க்கவில்லை.

டிராய்ப் போர் முடிந்து வீடு திரும்பும் ஒடிசியஸ் நிலையும் ஏறக்குறைய இதுதான். கலிப்ஸோ என்ற சாவற்ற தேவதையின் தீவில் ஏழாண்டுகள். என்னோடு இருந்தால் உனக்கு முதுமையும் இல்லை, சாவும் இல்லை என்று அவள் சொல்ல, என் மனைவி உன் அழகுக்கு ஈடில்லை, அவள் சாகக்கூடியவள், இருந்தாலும் நான் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறான். மனைவி உன்னைவிட அழகி என்று அவன் பொய்கூடச் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. (பொய் சொல்வதில் அவனை விஞ்ச ஆள் கிடையாது.)

ஜனவரி 12, இரவு 11.05

கடவுள்களுக்கு எந்த இழப்பும் இல்லை என்று ஆறாம் தேதி எழுதியதைப் பின்வாங்க வேண்டியிருக்கிறது. அது அரேஸுக்குப் பொருந்தும், தெட்டிஸுக்குப் பொருந்தாது.

கிரேக்கப் படையின் தலைசிறந்த வீரன் அகிலீஸின் தாயான தெட்டிஸ் கடல் தெய்வம், சாவற்றவள். டிராய் இளவரசன் ஹெக்டரைக் கொன்றால் உன் சாவும் உடனே பின்தொடரும் என்று மகனிடம் சொல்லும் 18ஆம் காண்டத்தில், தோட்டத்து மண்ணில் கன்றை வளர்ப்பதுபோல் இவனை வளர்த்தேன், இனி இவனை வீட்டுக்கு வரவேற்க மாட்டேன் என்று கடலடியில் தன் சகோதரிகளிடையே அவள் மாரடித்து அழுகிறாள். மனிதத் தாயின் துயரத்துக்கு அவள் சாவோடு ஒரு முடிவு உண்டு. இவளுக்கு அந்த முடிவும் கிடையாது.

ஜியூஸும் அப்படி ஓரிடத்தில் சிக்கிக்கொள்கிறார். அவருடைய மகன் சார்பிடான் போர்க்களத்தில் சாகவேண்டிய நேரம் வருகிறது. காப்பாற்றிவிடலாமா என்று அவர் தயங்கும்போது, காப்பாற்றுங்கள், ஆனால் டிராயைச் சுற்றிப் போரிடுபவர்களில் கடவுள்களின் பிள்ளைகள் இன்னும் பலர் இருக்கிறார்கள், பிறகு ஒவ்வொருவரும் தம் பிள்ளைக்காக இதையே கேட்பார்கள் என்கிறார் ஹீரா. பழிவாங்குபவர் என்று கேள்வியில் நீங்கள் குறிப்பிட்ட அதே ஹீரா. ஜியூஸ் பணிந்துபோகிறார், மகனுக்காக மண்ணில் இரத்தத் துளிகளை மழையாகப் பொழிகிறார். அண்டத்தை ஆளுகிறவருக்கு அதற்கு மேல் செய்ய முடியவில்லை.

சார்பிடானின் உடலை உறக்கமும் சாவும் என்ற இரட்டையர் தூக்கிச் செல்லும் காட்சியை யூஃப்ரோனியஸ் என்ற கிரேக்க ஓவியர் கி.மு. 515ஐ ஒட்டி ஒரு பெரிய மதுக்கலயத்தில் வரைந்தார். 1972இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் வாங்கி, திருட்டுத்தனமாகத் தோண்டி எடுக்கப்பட்டது என்ற சர்ச்சைக்குப் பின் 2008இல் இத்தாலிக்குத் திரும்பிய கலயம் அது. நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். சார்பிடான் மற்ற இருவரைவிடப் பெரியவனாக, இடக்கை தரையை நோக்கித் தொங்க, காயங்களிலிருந்து இரத்தம் கோடுகளாக வடியக் கிடக்கிறான். இறக்கை முளைத்த இரண்டு தெய்வங்கள் குனிந்து அந்தக் கனத்தைத் தூக்குகின்றன. அப்பாவை ஸ்ட்ரெச்சரிலிருந்து இறக்கியபோது அந்தக் கனம் எனக்குத் தெரிந்தது. உயிரோடு இருக்கும்போது அவரைத் தனியாளாகத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோயிருக்கிறேன். அன்று மூன்று பேர் வேண்டியிருந்தது.

ஜனவரி 13, காலை 6.50

ஓடினின் கூட்டமான ஸ்காண்டிநேவியக் கடவுள்களை நான் கணக்கில் சேர்க்காததும் தவறு. அவர்கள் சாகக்கூடியவர்கள். இடுன் என்ற தேவியின் ஆப்பிள் இல்லாவிட்டால் அவர்களுக்கு நரைகூட விழும். ரக்னராக் என்ற பெருநாசத்தில் யார் கையால் யார் சாவார் என்பது முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கிறது.

அங்கே ஃபென்ரிர் என்ற ஓநாயைக் கட்டக் கடவுள்கள் ஒரு மெல்லிய கயிறு செய்விக்கிறார்கள். பூனையின் காலடி ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர் என்று உலகில் இல்லாத பொருள்களால் ஆனது. சந்தேகப்பட்ட ஓநாய், உங்களில் ஒருவர் என் வாய்க்குள் கை வைத்தால் கட்டிக்கொள்கிறேன் என்கிறது. அவிழ்த்துவிடுவோம் என்ற வாக்குறுதி பொய் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். டீர் ஒருவன்தான் வலக்கையை நீட்டுகிறான். கயிறு இறுகியதும் எல்லோரும் சிரித்தார்கள், டீர் மட்டும் சிரிக்கவில்லை, அவன் கையை இழந்தான் என்று 13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்தில் ஸ்னோர்ரி எழுதிவைத்திருக்கிறார். சபை முழுவதும் சேர்ந்து சொன்ன பொய்க்கு ஒருவன் கையால் விலை கொடுத்தான். அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை உடனே புரியும்.

ஜனவரி 19, இரவு 10.15

கில்காமெஷ், பண்டைய மெசபொத்தேமியக் காவியத்தின் நாயகனான உருக் நகர அரசன். சாவை எதிர்த்துப் போன முதல் ஆள் என்பதால் அவரைத் தவிர்க்க முடியாது. 1872 டிசம்பரில் ஜார்ஜ் ஸ்மித் லண்டனில் நினிவே களிமண் பலகை ஒன்றின் மொழிபெயர்ப்பை வாசித்தபோது, கூட்டம் வியந்தது அதிலிருந்த பெருவெள்ளக் கதைக்காகத்தான். அந்த வெள்ளத்தில் கடவுள்கள் நடந்துகொள்ளும் விதம் நம் வாசகரின் கட்சிக்கு வலுச் சேர்க்கும்: தாங்களே கொண்டுவந்த வெள்ளத்தைக் கண்டு தாங்களே அஞ்சி, நாய்களைப்போல் ஒடுங்கிக் கிடக்கிறார்கள், எல்லாம் வடிந்து, பிழைத்த ஒருவன் படையலிடும்போது, அதுவரை பட்டினி கிடந்தவர்கள் ஈக்களைப்போல் அதைச் சுற்றி மொய்க்கிறார்கள். எழுதியவருக்குக் கடவுள் பயம் இருந்ததா என்றே தெரியவில்லை.

ஆனால் எனக்குப் பிடித்த இடம் ரொட்டி. என்கிடு செத்துவிட, மூக்கிலிருந்து புழு விழும்வரை நண்பனின் உடலைப் புதைக்க விடாமல் வைத்துக்கொண்டு அழுத கில்காமெஷ், அந்த வெள்ளத்தில் பிழைத்துச் சாகாவரம் பெற்ற உட்னபிஷ்டிமைத் தேடி உலகின் எல்லைக்குப் போகிறான். ஆறு பகல், ஏழு இரவு தூங்காமல் இருந்து காட்டு என்கிறார் அவர். உட்கார்ந்த உடனே தூக்கம் மூடுபனிபோல் அவனைச் சூழ்கிறது. விழித்ததும் நான் தூங்கவே இல்லை என்பான், ஆகவே நாளுக்கு ஒரு ரொட்டி சுட்டு அவன் தலைமாட்டில் வை, சுவரில் கோடு கிழி என்று மனைவியிடம் சொல்கிறார். அவன் விழித்ததும் சொன்னதும் அதேதான்: இப்போதுதானே கண் அசந்தேன், அதற்குள் தொட்டு எழுப்பிவிட்டீர்கள்! எண்ணிப் பார் என்கிறார் அவர். முதல் ரொட்டி காய்ந்து கிடக்கிறது, இரண்டாவது தோல்போல் ஆகிவிட்டது, மூன்றாவது நசநசத்திருக்கிறது, அடுத்த இரண்டில் பூஞ்சை, ஆறாவது புதிது, ஏழாவது இன்னும் தணலில். தூக்கத்தையே வெல்ல முடியாதவன் சாவை எப்படி வெல்வான் என்பதை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இரவு முழுவதும் கண் கொட்டவில்லை என்று காலையில் சாதித்த அப்பாவிடம், குறட்டையைக் கைபேசியில் பதிவுசெய்து போட்டுக் காட்டியவன் நான். அவர் மூன்று நாள்கள் என்னோடு பேசவில்லை.

அதன் பிறகு இளமை தரும் செடி. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு நீருக்குள் இறங்கி எடுத்து வருகிறான். வழியில் குளிக்க இறங்கியபோது பாம்பு அதைத் தூக்கிக்கொண்டு, சட்டை உரித்துவிட்டுப் போய்விடுகிறது. அதியமானுக்கும் இப்படி அரிதாக ஒன்று கிடைத்தது. மலைப்பிளவில் விளைந்த நெல்லிக்கனி. அதன் பயனைத் தன் மனத்துக்குள்ளேயே அடக்கிக்கொண்டு, சாவு நீங்கும்படி எனக்குக் கொடுத்துவிட்டாயே என்று ஔவையார் புறநானூற்றின் 91ஆம் பாட்டில் வியக்கிறார். ஒருவர் தனக்காக வைத்துக்கொண்டு பாம்பிடம் இழந்தார், மற்றவர் கொடுத்துவிட்டார்.

ஜனவரி 20, இரவு 8.40

நேற்றைய கடைசி வரி பார்க்க அழகாக இருந்தது, அதனாலேயே சந்தேகம் வந்து மறுபடியும் பலகையைப் படித்தேன். கில்காமெஷ் செடியை உடனே வாயில் போட்டுக்கொள்ளவில்லை. உருக் நகருக்குக் கொண்டுபோய் ஒரு முதியவருக்குக் கொடுத்துச் சோதிக்கிறேன், பிறகு நானும் தின்பேன் என்றுதான் படகோட்டியிடம் சொல்கிறான். இதைத் தயக்கம் என்றும் கொள்ளலாம், முதலில் முதியவருக்கு என்ற அன்பு என்றும் கொள்ளலாம், மருந்தை வேறொருவர் மேல் சோதித்துப் பார்க்கும் அரச புத்தி என்றும் கொள்ளலாம். தன்னலம் என்று நான் ஒரே சொல்லில் தீர்த்துக்கட்டியது தவறு.

அதியமான் பாட்டிலும் ஒரு வேடிக்கை உண்டு. சாவு நீக்கும் கனியைக் கொடுத்துவிட்டவனை, நீலமணி மிடற்றுச் சிவனைப்போல் நிலைத்து வாழ்க என்று ஔவையார் வாழ்த்துகிறார். வேறு என்ன சொல்லி வாழ்த்துவது?

பிப்ரவரி 2, பிற்பகல் 3.25

சாகாவரம் கிடைத்தவன் கதை ஒன்று இருக்கிறது. விடியல் தெய்வமான ஈயோஸ், தான் காதலித்த டிதோனஸுக்குச் சாகாவரம் கேட்டாள், ஜியூஸும் தலையசைத்தார். இளமையைக் கேட்க மறந்துவிட்டாள். முதல் நரை தெரிந்ததும் அவன் படுக்கையிலிருந்து விலகினாள், ஆயினும் உணவும் அமுதும் கொடுத்து வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். கையும் காலும் அசையாமல் போன பிறகு ஓர் அறையில் கிடத்தி, ஒளிரும் கதவுகளைச் சாத்திவிட்டாள். உள்ளே அவன் குரல் மட்டும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் அப்பத்தா கடைசி மூன்று ஆண்டுகள் பின்கட்டு அறையில் கிடந்தாள். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலம். காளையார்கோயில் சந்தையில் விற்றுப் பல ஆண்டுகளான செவலைப் பசுவைக் கறந்தாயிற்றா என்று நாள் முழுவதும் கேட்பாள். ஆயிற்று என்றால் எத்தனை படி என்பாள். முதலில் விளக்கம் சொன்னோம், பிறகு படிக்கணக்குச் சொன்னோம், கடைசியில் யாரும் எதுவும் சொல்லவில்லை. விருந்தாளிகள் வரும்போது அந்தக் கதவைச் சாத்துவது என் வேலை. கதவுக்குப் பின்னால் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும். ஈயோஸைக் கொடியவள் என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அவள் ஆளை வெளியே தள்ளவில்லை, அமுதைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள், கதவை மட்டும்தான் சாத்தினாள்.

பிப்ரவரி 2, பிற்பகல் 3.50

இரண்டு படி. எப்போதும் இரண்டு படி என்றுதான் சொல்வோம்.

பிப்ரவரி 15, இரவு 11.30

சாவு தெரிந்தவனுக்கே செயலின் கனம் தெரியும் என்பதுதான் முதலிலிருந்து நான் உள்ளூர வைத்திருந்த கட்சி. அதை அகிலீஸே உடைத்துவிடுகிறான்.

21ஆம் காண்டத்தில் லிகயோன் என்ற இளைஞன் ஆயுதமின்றி அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உயிர்ப்பிச்சை கேட்கிறான். அகிலீஸ் சொல்லும் பதில் இதுதான்: நண்பா, நீயும் செத்துப்போ, ஏன் இப்படிப் புலம்புகிறாய்? உன்னைவிட மேலான என் நண்பன் பேட்ரோக்ளஸே செத்தான். என்னைப் பார், எவ்வளவு அழகன், எவ்வளவு பெரியவன்; எனக்கும் ஒரு காலையோ மாலையோ நண்பகலோ சாவு வரும். சொல்லிவிட்டுக் கழுத்தில் வாளை இறக்குகிறான். பிறகு பேட்ரோக்ளஸின் சிதையில் பன்னிரண்டு டிராய் இளைஞர்களை வெட்டிப் போடுகிறான். தன் சாவை இவனைவிடத் தெளிவாக அறிந்தவர் அந்தக் காவியத்தில் இல்லை. அந்த அறிவு அவனை இளக்கவில்லை. எல்லோரும் சாகத்தானே போகிறோம் என்று சொல்லிக்கொண்டே கொல்ல வைத்தது.

ஆகவே அவன் 24ஆம் காண்டத்தில் இளகியதற்குக் காரணம் வேறாக இருக்க வேண்டும். ஹெக்டரின் தந்தையான டிராய் அரசன் பிரியாம், மகனின் உடலைக் கேட்டு இரவில் அகிலீஸின் குடிலுக்குள் தனியாக நுழைந்து, தன் பிள்ளைகள் பலரைக் கொன்ற அந்தக் கைகளை முத்தமிட்டு, உன் தந்தையை நினைத்துக்கொள், அவருக்கும் என் வயதுதான் என்கிறான். அகிலீஸ் அழுதது தன் சாவை நினைத்து அல்ல, ஊரில் தனியாகக் காத்திருக்கும் கிழவனை நினைத்து, இடையிடையே பேட்ரோக்ளஸை நினைத்து. அதன் பிறகும் அவன் முழுவதுமாக மாறிவிடவில்லை. பிரியாம் சற்று அவசரப்படுத்தியதும், என்னைச் சீண்டாதே, நானே என்ன செய்வேன் என்று தெரியாது என்று சீறுகிறான். அந்தச் சீற்றம் இல்லாமல் இருந்தால் அந்தக் காட்சியை நான் நம்பியிருக்க மாட்டேன். ஹெக்டரின் உடலைத் தானே கழுவி வண்டியில் ஏற்றியதும், சாப்பிடு என்கிறான். பன்னிரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த நயோபியேகூட அழுது களைத்த பிறகு உணவை நினைத்தாள் என்கிறான்.

அப்பாவை எடுத்துவிட்டு வந்த மாலை. வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அத்தை வீட்டிலிருந்து தூக்குவாளியில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வந்தன. நிலத்தகராறில் நான்கு ஆண்டுகளாக அண்ணனும் நானும் பேசிக்கொள்வதில்லை. திண்ணையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். பெரியப்பா எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரே இலையை விரித்து, சோற்றைக் கொட்டி, "ரெண்டு வாய் தின்னுங்கடா" என்றார். தின்றோம். அண்ணன் என் பக்கம் அப்பளத்தைத் தள்ளி வைத்தார். உணவு முடிந்த பின் பிரியாமும் அகிலீஸும் ஒருவரையொருவர் பார்த்து வியந்தார்கள் என்று ஹோமர் எழுதுகிறார். நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. கை கழுவத் தண்ணீர் ஊற்றினார்.

பிப்ரவரி 16, காலை 6.15

ஒரு திருத்தம். ஹெக்டரின் உடலை அகிலீஸ் கழுவவில்லை. பணிப்பெண்களைக் கழுவச் சொல்கிறான். அதுவும் பிரியாமின் கண்ணில் படாமல், தனியிடத்தில். மகனின் உடலைப் பார்த்துத் தந்தை கோபத்தை அடக்க முடியாமல் ஏதாவது சொல்ல, அதைக் கேட்டுத் தான் அவனைக் கொன்றுவிடுவோமோ என்ற அச்சம் அவனுக்கு. தன்னைப் பற்றி அவனுக்கு அவ்வளவு தெரிந்திருந்தது. உடலைத் தூக்கிப் பாடையில் கிடத்தியது மட்டும் அவன் கையால். உடலைக் கழுவியவன் அப்பல்லோ, அது சார்பிடானுடையது. இரண்டையும் நான் குழப்பிக்கொண்டேன்.

இன்னொன்றையும் நேற்று விட்டுவிட்டேன். பிரியாம் கிளம்பும் முன், ஈமக்கடனுக்கு எத்தனை நாள்கள் வேண்டும், அதுவரை என் படையை நிறுத்தி வைக்கிறேன் என்று அகிலீஸ் கேட்கிறான். ஒன்பது நாள்கள் வீட்டில் அழுவோம், பத்தாம் நாள் அடக்கம், பதினோராம் நாள் மேல்மண் குவிப்போம், பன்னிரண்டாம் நாள், வேண்டுமென்றால், போரிடுவோம் என்கிறான் பிரியாம். அப்படியே ஆகட்டும் என்று அகிலீஸ் அவன் வலக்கை மணிக்கட்டைப் பற்றுகிறான்.

எங்கள் வீட்டில் பதினாறாம் நாள் காரியம் வரை அண்ணனும் நானும் ஒரே இலையில்தான் சாப்பிட்டோம். பதினெட்டாம் நாள் காலை அவர் சர்வேயரை அழைத்து வந்தார்.